ஐந்து வருஷம் என்று சொன்னது யார்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதுமே 'நட்பு', 'வேலையில்லாத் திண்டாட்டம்', 'இளைஞனே எழுந்து வா' என்று தலைப்புகள் வரிசை கட்டி நின்றன. நான் என் தலைப்பைச் சொன்னபோது மலர்க்குழுத் தோழன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மனுஷன் எத்தனை நாள் உயிரோட இருப்பான்னு கணக்குப் போடறதா? டேய், நாம மெக்கானிக்கல்டா! இது டாக்டருங்க சமாச்சாரம். எவன்டா படிப்பான்?" என்றான்.

இந்தக் கட்டுரை அவனுக்கு நான் தரும் பதில். சொல்ல வருவது இரண்டே விஷயம். ஒன்று, 'சர்வைவல் அனாலிசிஸ்' எனப்படும் இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதே இல்லை. இதில் பாதி நம்மைப் போன்றவர்களின் பட்டறையில் பிறந்தது. இரண்டு, ஒரு மனிதனின் ஆயுளை ஒரே ஒரு சராசரி எண்ணில் அடக்குவது பெரிய தப்பு. முழு வளைவையும் வரைந்து காட்டு என்று நாம் கேட்க வேண்டும். கேட்காததால் என் வீட்டில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பாவும் பழைய புத்தகமும்

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது என் பெரியப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாக இருப்பது தெரிந்தது. சி.எம்.எல். என்ற ஒருவகை ரத்தப் புற்றுநோய். பெரியாஸ்பத்திரி டாக்டர், "தினமும் மாத்திரை போடணும், ஒருநாள்கூட விடக்கூடாது, பயப்படாதீங்க" என்றுதான் சொன்னார். ஆனால் பயப்படாமல் இருக்க முடியுமா?

மருந்துக்கடையில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் பழைய மருத்துவப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் இந்த நோய்க்குச் சராசரியாக ஐந்து வருஷம் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்! அந்த ஐந்து என்ற எண் எங்கள் வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. "நான் இருக்கும்போதே பொண்ணைக் கரையேத்திடணும்" என்றார் பெரியப்பா. இரண்டாம் ஆண்டு பி.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்த அக்காவின் படிப்பு நின்றது. இருந்த அரை ஏக்கர் நிலம் வந்த விலைக்குப் போனது. மூன்றே மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

இன்று நான் மூன்றாம் ஆண்டு டிப்ளமோ. பெரியப்பா தினமும் சைக்கிளில் தையல் கடைக்குப் போய் வருகிறார். ரத்தக் கணக்கு சீராக இருக்கிறது. நிலம்தான் இல்லை. அக்காவின் டிகிரிதான் இல்லை.

அந்தப் புத்தகம் பொய் சொன்னதா? இல்லை. அது அச்சான காலத்து நோயாளிகளுக்கு அது உண்மை. பழைய மனிதர்களின் கணக்கைப் புதிய மனிதரின் தலையில் கட்டியதுதான் தவறு. இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் கணக்கு சார். அவரிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்து பல்பும் ஒரு கிரிக்கெட் பந்தும்

ஹாஸ்டல் வராந்தாவில் புதிதாகப் பத்து பல்புகள் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் இரண்டு பல்ப் பியூஸ். ஐந்தாம் மாதம் நம்மவர்கள் அடித்த சிக்ஸரில் நன்றாக எரிந்துகொண்டிருந்த இரண்டு பல்ப் உடைந்தன. எட்டாம் மாதம் இன்னொன்று பியூஸ். கேள்வி இதுதான்: ஒரு பல்ப் எட்டு மாதத்தைத் தாண்டி எரியும் வாய்ப்பு எத்தனை சதவீதம்?

உடைந்த இரண்டையும் பியூஸ் கணக்கில் சேர்த்தால் 50. அவை தாக்குப்பிடித்தன என்று எடுத்துக்கொண்டால் 70. அவற்றைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டால் 62.5. எது சரி?

மூன்றுமே சரியில்லை! உடைந்த பல்புகள் ஐந்து மாதம் நன்றாக எரிந்தன என்பது நமக்குத் தெரியும். தெரிந்த அளவுக்கு அவற்றுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். முதலில் பத்தில் எட்டு தப்பின. அது 80 சதவீதம். பிறகு பந்தில் போன இரண்டைக் கழித்தால் களத்தில் ஆறு. அந்த ஆறில் ஐந்து தப்பின. 80-ஐ ஐந்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 66.7 சதவீதம். இதுதான் நியாயமான விடை.

இந்த முறைக்குக் காப்ளான்-மேயர் முறை என்று பெயர். 1958-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளியானது. இருவரில் ஒருவர் பால் மேயர், புற்றுநோயாளிகளின் கணக்கைப் பார்த்தவர். இன்னொருவர் எட்வர்ட் காப்ளான் யார் தெரியுமா? பெல் ஆய்வுக்கூடத்தில், கடலடித் தொலைபேசிக் கேபிள்களில் வைக்கும் வாக்குவம் டியூப்களின் ஆயுளைக் கணக்கிட்டவர்! கடலுக்கடியில் கிடக்கும் டியூபுக்கும் கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கும் ஒரே கணக்கு என்பதை அந்த இரண்டு பேரின் கட்டுரை காட்டியது. எலெக்ட்ரானிக்ஸ் தோழர்களே, இது உங்கள் வீட்டுப் பிள்ளை!

வெய்புலின் நேர்கோடு

அடுத்தவர் நம்ம ஆள். வாலோடி வெய்புல், சுவீடன் நாட்டுப் பொறியாளர். பொருள்கள் எந்தச் சுமையில் உடையும் என்று ஆராய்ந்தவர். 1951-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரே சூத்திரத்தை ஏழு விதமான பொருள்களுக்குப் பொருத்திக் காட்டினார். போபர்ஸ் எஃகின் வலிமை, பிரிட்டிஷ் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம், அவரை விதையின் அகலம், ஏன், இந்தியப் பருத்தி இழையின் வலிமைகூட அதில் இருக்கிறது! பேரிங் ஆயுளைக் கணக்கிடும்போது நாம் அவர் பெயரைக் கேட்கிறோம்.

இங்கே ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் புரியும். வண்டியில் ஸ்பீடா மீட்டர் இருக்கிறது. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரும் இருக்கிறது. இதுவரை தாக்குப்பிடித்த ஒருவருக்கு இந்த நிமிஷத்தில் ஆபத்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது ஸ்பீடா மீட்டர். அதற்கு 'ஹசார்டு' என்று பெயர். இதுவரை சேர்ந்த மொத்த ஆபத்து, கிலோமீட்டர் கணக்கு. வெய்புல் விதி என்ன சொல்கிறது? அந்த மொத்த ஆபத்தின் லாகரிதத்தை, காலத்தின் லாகரிதத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும் என்கிறது. ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு!

அழகுதான். ஆனால் இந்த நேர்கோட்டுக்கு ஒரு விலை உண்டு. அந்த விதிப்படி ஆபத்து வேகம் ஏறிக்கொண்டே போகலாம், இறங்கிக்கொண்டே போகலாம், அல்லது மாறாமல் இருக்கலாம். ஏறி இறங்க முடியாது. இறங்கி ஏறவும் முடியாது. நிஜத்தில் அப்படியா நடக்கிறது? மனிதப் பிறவியையே பாருங்கள். பிறந்த முதல் நாட்களில் ஆபத்து அதிகம், பிறகு குறைகிறது, முதுமையில் மறுபடி ஏறுகிறது. நாம் படிக்கிற 'பாத்டப்' வளைவேதான் இது. தொட்டியை ஸ்கேலால் வரைய முடியுமா?

காக்ஸ் காட்டிய குறுக்கு வழி

1972-ல் இங்கிலாந்தின் டேவிட் காக்ஸ் புத்திசாலித்தனமான வழி ஒன்றைக் காட்டினார். அடிப்படை ஆபத்து வேகம் எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும், அதைத் தொடவே வேண்டாம். இந்த மருந்து சாப்பிடுபவருக்கு அது எத்தனை மடங்கு என்று மட்டும் கண்டுபிடிப்போம் என்றார். மருத்துவ ஆராய்ச்சி உலகமே அவர் பின்னால் போனது. இன்றும் போகிறது.

நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் யோசியுங்கள். "உன் பஸ்ஸை விட என் பஸ் ஒன்றரை மடங்கு வேகம்" என்று ஒருவன் சொல்கிறான். சரி, உன் பஸ் என்ன வேகத்தில் போகிறது, ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டால், அந்த மடங்கு மட்டும் பதில் ஆகாது. ஆராய்ச்சிக்காரருக்கு மடங்கு போதும். என் பெரியப்பாவுக்குத் தேவை வருஷக்கணக்கு. பொதுச் சுகாதாரத்துக்குத் திட்டம் போடுகிறவருக்குத் தேவை எத்தனை பேர், எந்த ஆண்டில், எத்தனை காலம் என்ற விவரம். இன்னொன்று, முதல் மாதமும் பத்தாம் வருஷமும் ஒரே மடங்குதான் என்று அந்த முறை சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு முதல் வாரத்தில் ஆபத்து கூடும், அப்புறம் வெகுவாகக் குறையும். மடங்கு எப்படி ஒன்றாகவே இருக்கும்? காக்ஸ் அவர்களே 1994-ல் வெளியான ஒரு நேர்காணலில், தனக்கென்றால் வடிவத்தையும் சேர்த்து மாடல் செய்வதையே விரும்புவேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். தன் கண்டுபிடிப்பின் எல்லையைத் தானே சொல்வதற்கு எத்தனை பெரிய மனசு வேண்டும்!

டிராயிங் ஹாலிலிருந்து வந்த விடை

இப்போது நமது டிராயிங் ஹாலுக்கு வாருங்கள். இன்வால்யூட் வரையும்போது புள்ளிகளைக் குறித்துவிட்டு ஸ்கேலால் இணைத்து, "இது வளைவா? படிக்கட்டாடா?" என்று சாரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? அப்போது பக்கத்துப் பையன் ஒரு ரப்பர் பட்டையை எடுத்துக் கொடுப்பான். பிளெக்சிபிள் கர்வ்! புள்ளிகளுக்கு ஏற்ப வளைத்து வைத்தால் வழுவழுப்பான கோடு.

கப்பல் கட்டுகிறவர்கள் இதைத்தான் மெல்லிய மரப்பட்டையை வைத்துச் செய்தார்கள். அந்தப் பட்டை நகராமல் இருக்க அங்கங்கே ஈயக்கட்டிகளை வைப்பார்கள். கட்டியின் உருவத்தைப் பார்த்து அதற்கு 'வாத்து' என்று பெயர்! அந்தப் பட்டையின் பெயர்தான் ஸ்பிளைன். கணிதத்தில் 'ஸ்பிளைன்' என்று வருவதெல்லாம் இந்தப் பட்டைதான். கட்டி வைக்கும் இடத்தைக் கணிதக்காரர்கள் முடிச்சு என்கிறார்கள்.

2002-ல் பாட்ரிக் ராய்ஸ்டன், மகேஷ் பார்மர் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் செய்தது என்ன? வெய்புல் ஸ்கேலால் போட்ட நேர்கோட்டை எடுத்துவிட்டு, அதே தாளில் அதே அச்சுகளில் ஸ்பிளைனை வைத்தார்கள். அவ்வளவுதான்! இதற்குப் பெயர் நெகிழ்வுள்ள அளவுரு மாடல். நடுவில் முடிச்சே வைக்காவிட்டால் பழைய வெய்புல் நேர்கோடு அப்படியே திரும்ப வந்துவிடும். இரண்டு மூன்று முடிச்சு வைத்தால் ஏறி இறங்கும் ஆபத்தையும் பிடித்துவிடலாம். மருந்தின் பலன் காலத்தோடு மாறுகிறதா? அதற்குத் தனியாக இன்னொரு ஸ்பிளைன். காக்ஸ் தந்த மடங்கும் கிடைக்கும், காக்ஸ் தொடாமல் விட்ட வேகமும் வழுவழுப்பான வளைவாகக் கிடைக்கும்.

சுவீடனில் பார்த்த கணக்கு

இதனால் யாருக்கு என்ன லாபம் என்பவர்களுக்குப் பெரியப்பாவின் நோயையே எடுத்துக்கொள்கிறேன். சுவீடனில் 1947 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் அடையாள எண் உண்டு. 1958 முதல் நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. அங்கே 1973 முதல் 2013 வரை சி.எம்.எல். கண்டறியப்பட்டவர்களை இந்த நெகிழ்வுள்ள மாடலால் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். கேள்வி எளிமையானது: இந்த நோய் வராமல் இருந்தால் வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகளில் எத்தனை ஆண்டை நோய் பறிக்கிறது? பொதுமக்களின் சாதாரண ஆபத்து அரசு அட்டவணையில் இருக்கிறது. அதற்கு மேல் நோய் சேர்க்கும் கூடுதல் ஆபத்தை மட்டும் ஸ்பிளைனால் வரைந்தார்கள். நோய் கண்ட ஆண்டையும் வயதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

விடை என்ன தெரியுமா? பழைய காலத்தில் நோய் கண்டவர்கள் பெரும் பகுதி ஆயுளை இழந்தார்கள். 2013-ல் நோய் கண்டவர்கள் இழப்பது சராசரியாக மூன்று ஆண்டுக்கும் குறைவு! நடுவில் வந்தது ஒரு மாத்திரை. இமாட்டினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எங்கள் வீட்டுப் பழைய புத்தகம் அந்த மாத்திரைக்கு முந்தியது. நிலத்தை விற்க வைத்தது இந்த ஒரு வித்தியாசம்தான்!

அந்த மாத்திரைக்கு நம் ஊரோடும் சம்பந்தம் உண்டு. அதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு நடந்து, 2013 ஏப்ரல் 1-ந் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. கம்பெனி மருந்துக்கு மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் என்றும், இங்கே தயாராகும் மருந்துக்குப் பத்தாயிரத்துக்குள் என்றும் அப்போது பேசப்பட்டது. மருந்து இருந்தால் மட்டும் போதாது, கைக்கு எட்டவும் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

எதைச் செய்ய முடியாது?

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பார்கள். முடிச்சும் அப்படித்தான். பத்து முடிச்சு போட்டால் வளைவு ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் நாய்க்குட்டி மாதிரி ஓடும். உண்மையை விட்டுவிட்டுத் தற்செயலைப் பிடிக்கும்.

இன்னொரு பெரிய எச்சரிக்கை. கடைசி முடிச்சைத் தாண்டினால் அந்தத் தாளில் மறுபடி நேர்கோடுதான். மருந்துச் சோதனை மூன்று வருஷம் நடக்கிறது. ஆனால் அந்த மருந்துக்கு அரசு பணம் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய முப்பது வருஷக் கணக்கு வேண்டியிருக்கிறது. மூன்று வருஷம் வரை நோயாளிகள் வரைந்த கோடு; அதற்கு அப்பால் நாம் இழுத்த கோடு. அந்த வாலை எப்படி இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து மருந்து சிலருக்குக் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். இங்கிலாந்தில் இப்படி முடிவு செய்யும் நைஸ் நிறுவனத்துக்காக, இந்த நெகிழ்வுள்ள முறைகளை எப்படிக் கையாள வேண்டும் என்று 2020-ல் தனி வழிகாட்டியே எழுதினார்கள். வளைவைக் காட்டுகிறவரிடம், "இதில் எதுவரை பார்த்தது, எங்கிருந்து யூகம்?" என்று கேட்க வேண்டியது நம் கடமை.

எல்லாவற்றையும் விடப் பெரியது மூன்றாவது. கிரிக்கெட் பந்துக்குப் பல்பின் தரம் தெரியாது. எந்த பல்பையும் உடைக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்ட நோயாளி? உடம்பு முடியாமல் போனதால் நின்றிருக்கலாம். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றிருக்கலாம். அவரையும் பந்தில் உடைந்த பல்பையும் ஒன்றாக எண்ணினால் கணக்கு நம்மை ஏமாற்றும். எந்த ஸ்பிளைனாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சென்னையில் 1982 முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. நோயாளி என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள அங்கே கடிதம் எழுதி, வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். என்னைக் கேட்டால், அந்த வீட்டுப்படி ஏறிய கால்கள்தான் இந்தக் கணக்கின் முதல் சூத்திரம்.

நாம் என்ன செய்யலாம்?

"எல்லாம் சரி, நாம என்னடா பண்றது?" என்று தோழன் மறுபடியும் கேட்பான்.

முதலில், நமது ப்ராஜெக்டுகளில் ஒன்றாவது இந்தக் கணக்காக இருக்கட்டும். ஒர்க்‌ஷாப்பில் டிரில் பிட் எத்தனை நாள் உழைக்கிறது, மோட்டார் எப்போது காயில் போகிறது என்று ரிஜிஸ்தரில் எழுதி வந்தாலே போதும். 'ஆர்' என்ற மென்பொருள் இலவசம். நெகிழ்வுள்ள மாடல்களுக்கான தொகுப்பும் அதில் இலவசமாகவே கிடைக்கிறது. கம்ப்யூட்டர் லேபில் ஒரு மத்தியான நேரம் போதும்.

அடுத்து, பாடத்திட்டத்தில் 'சராசரி' என்று சொல்லிக்கொடுக்கும் இடத்திலேயே ஆயுள் வளைவையும் சொல்லித்தர வேண்டும் என்று நாம் சங்கத்தின் மூலம் கேட்போம். சராசரி தெரிந்து வளைவு தெரியாமல் வெளியே போகிறவன் அரைகுறையாகத்தான் போகிறான்.

கடைசியாக, சுகாதாரத் துறையிலிருந்து யாராவது வீட்டு வாசலுக்கு வந்து விசாரித்தால் கதவைச் சாத்தாதீர்கள். நீங்கள் சொல்லும் ஒரு தேதி, முகம் தெரியாத ஒருவரின் வளைவைச் சரியாக்கும்.

பெரியப்பாவுக்கு ஐந்து வருஷம் இன்னும் முடியவில்லை. ஒரு மனிதரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதையும் இந்தக் கணக்குதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆகவே ஜெயித்துவிட்டோம் என்று நான் எழுதவில்லை. சுவீடன்காரருக்குக் கிடைத்தது நமக்கும் அப்படியே கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. மாத்திரையை விடாமல் போட வேண்டும், பரிசோதனைக்குப் போக வேண்டும்.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். கிராஃப் தாளில் பழைய வளைவையும் புதிய வளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதை அன்னைக்கு யாராவது வரைஞ்சு காட்டியிருந்தா, நான் பரீட்சை எழுதியிருப்பேன்டா" என்றாள்.

தோழர்களே, அடுத்த வீட்டு அக்காவாவது பரீட்சை எழுதட்டும். ஸ்கேலைக் கீழே வைப்போம். வளையும் பட்டையைக் கையில் எடுப்போம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்